லுவெல்லாவுக்கு வைத்த ஒப்பாரி

கானாடுகாத்தானில் ஹோட்டலாக மாறிவிட்ட ஒரு பழைய செட்டியார் வீடு. அதன் வரவேற்பு மேஜையில் நின்று, பிரான்சிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவருக்கு எந்தச் சுவிட்ச் ஃபேன், எந்தச் சுவிட்ச் லைட் என்று காளீஸ்வரி விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவள் போன் சிணுங்கியது. எட்டிப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் பெரியவரை அப்படியே விட்டுவிட்டு மேஜைக்குக் கீழே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் மேஜைக்கு மேலிருந்து தலையை நீட்டி, "மேடம், ஃபேன்?" என்றார்.

போனில் லுவெல்லா பிரைஸ் சிரித்துக்கொண்டிருந்தாள். லுவெல்லாவின் சொந்தப் பக்கத்தில் அப்போதுதான் போட்ட படம். கறுப்பு வெள்ளை. இளவயதுக் காலத்துப் படம். சுற்றிலும் வெள்ளை லில்லிப் பூக்கள். ஒரு எழுத்துகூடக் கிடையாது.

லுவெல்லா பிரைஸ் யார் என்று உங்களுக்குத் தெரியாது என்றால் குற்றமில்லை. நாச்சியாபுரத்திலும் யாருக்கும் தெரியாமல்தான் இருந்தது. காரைக்குடியில் காலேஜ் படித்த காலத்தில் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு காளீஸ்வரி போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காக்காரி ஒருத்தி ஓடுகிற வாஷிங் மிஷின் மேல் ஏறி உட்கார்ந்து, மிஷின் குலுங்கக் குலுங்கக் குரலும் குலுங்க ஒரு பாட்டுப் பாடினாள். காளீஸ்வரி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் நாச்சியாபுரம் பஸ்கள் மூன்று அவளைக் கடந்து போய்விட்டன. அன்றைக்குப் பிடித்தது, விடவேயில்லை. லுவெல்லா நடித்த படம் எல்லாம் பார்த்தாள், பாடிய பாட்டெல்லாம் கேட்டாள், பேட்டிகளைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷும் கற்றுக்கொண்டாள். அந்த இங்கிலீஷை நம்பித்தான் ஹோட்டலில் வேலையே கொடுத்தார்கள். அப்புறம் 'நாச்சியாபுரத்தில் லுவெல்லா' என்று ஒரு சேனல் ஆரம்பித்து, அவள் வாழ்க்கையைத் தமிழில் வாராவாரம் சொல்ல ஆரம்பித்தாள். ரெகுலராகப் பார்ப்பவர்கள் அம்மா பாண்டீஸ்வரி, அத்தை மகன் விக்கி, திருப்பத்தூரில் கதிரவன் என்று ஒரு பல் டாக்டர். ஆனால் மூன்று பேருமே கடைசிவரை பார்ப்பார்கள்.

காளீஸ்வரி மேஜைக்கு அடியில் உட்கார்ந்தபடியே விக்கிக்குப் படத்தை அனுப்பினாள். விக்கி காரைக்குடியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு, கருமாதி எல்லாம் அவன் கைவழியாகத்தான் போகும். உடனே போன் அடித்தான்.

"செத்துப்போச்சுடி."

"எப்படிடா சொல்றே?"

"கறுப்பு வெள்ளைப் படம். சுத்தி வெள்ளைப் பூ. மூஞ்சியில சின்னச் சிரிப்பு. நான் நாளுக்கு மூணு அடிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"நியூஸ்ல ஒண்ணும் வரலயே."

"பெரிய ஆளுக செத்தா உடனே சொல்லுவாகளா? நல்லாருக்காக, கஞ்சி குடிச்சாக, பேப்பர் படிச்சாகன்னு நாலு நாள் ஓட்டிட்டுத்தான் சொல்லுவாக. நீ கீழ கமெண்ட்டப் பாரு. அம்புட்டுப் பேரும் அழுதுக்கிட்டு இருக்கான்."

பார்த்தாள். அழுகிற மூஞ்சிகளும் வெள்ளை இதயங்களும் வரிசை கட்டிப் போய்க்கொண்டே இருந்தன. அதற்கு மேல் காளீஸ்வரிக்கு ஆதாரம் எதுவும் தேவைப்படவில்லை. தலைவலி என்று சொல்லி லீவு வாங்கிக்கொண்டு நாச்சியாபுரத்துக்கு ஷேர் ஆட்டோ ஏறினாள். வழியெல்லாம் அழுதாள். பக்கத்தில் இருந்தவர் யாருக்கு என்னாச்சு என்று கேட்டார். "எங்க வெல்லாத்தா போயிட்டாக" என்றாள். லுவெல்லா என்ற பேர் அழுகையில் அப்படித்தான் வந்தது. அவரும் உச்சுக் கொட்டி, தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

வீட்டில் யாரும் இல்லை. அம்மா வயல் வேலைக்குப் போயிருந்தாள். கூடத்தில் ஸ்டூலைப் போட்டு, சுவரில் மாட்டியிருந்த லுவெல்லா படத்தை எடுத்து அதில் சாய்த்து, எதிரே போனை நிறுத்தி ரெக்கார்டு பட்டனை அமுக்கினாள். வழக்கம்போல "ஹலோ மக்களே" என்று ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"ஓஹையோ மண்ணுல ஒத்தையாப் பொறந்தவளே
டயருக் கம்பெனி வாசலுல தவந்தவளே
சர்ச்சுப் படியேறி சத்தமிட்டுப் பாடையில
கூடப் பாடுனவுக கொரலெல்லாம் முங்குதுன்னு
வெளியேறச் சொன்னாகளே, என்னப் பெத்த வெல்லாத்தா..."

அதெல்லாம் உண்மையில் நடந்ததுதான். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் பிறந்தது, சர்ச் பாட்டுக் குழுவிலிருந்து லுவெல்லாவைத் துரத்தியது, சக்கரச் செருப்பு மாட்டிக்கொண்டு ஹோட்டலில் தட்டுத் தூக்கியது, முதல் படத்தில் மூன்றே வரி வசனம், வாஷிங் மிஷின் பாட்டில் ஒரே இரவில் ஊர் உலகம் அறிந்தது, கட்டிய இரண்டு புருஷன்களும் டிரம்ஸ் அடிப்பவர்களாக அமைந்தது, இரண்டு பேரும் வீட்டிலும் அடித்துக்கொண்டே இருந்ததால் தலைவலி தாங்காமல் விலகியது, தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போய் டிவியில் அத்தை வேஷம் கட்டியது. காளீஸ்வரி ஒன்று விடாமல் வரிசையாக இழுத்தாள்.

"மூணுவாட்டி அவார்டுக்கு முன்வரிசை ஒக்காந்தே
மூணுவாட்டி அடுத்தவ மேடையேறிப் போயிட்டா
கேமரா பாக்குதுன்னு கண்ணீர முழுங்கிக்கிட்டு
பையில கடலையெடுத்துக் கொறிச்சியே வெல்லாத்தா..."

ஒப்பாரிச் சத்தம் கேட்டால் நாச்சியாபுரத்தில் எந்தப் பெண்ணும் வாசலோடு திரும்பிப் போக மாட்டாள். முதலில் பக்கத்து வீட்டு மீனு வந்தாள். யார் செத்தது என்று கேட்கவில்லை. அது அழுது முடித்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி. காளீஸ்வரியைக் கட்டிக்கொண்டு தோளில் தலையைச் சாய்த்து அழ ஆரம்பித்தாள். அடுத்து இன்னும் நாலு பேர். எல்லோரும் வட்டமாகக் குனிந்து அழுதார்கள். அந்த நேரம் பார்த்து பாண்டீஸ்வரி வயலிலிருந்து வந்துகொண்டிருந்தாள். சொந்த வீட்டுக்குள்ளிருந்து ஒப்பாரி கேட்டதும், கையில் இருந்த தூக்குவாளியைத் தெருவிலேயே போட்டுவிட்டு, "என் புருசன் போயிட்டானே" என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். புருஷன் அந்த நேரம் குன்றக்குடியில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டு சுகமாக இருந்தார்.

"அப்பாவுக்கு ஒண்ணுமில்லம்மா. லுவெல்லா போயிட்டாக."

பாண்டீஸ்வரி மூச்சை இழுத்துவிட்டாள். மகளை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையை அப்படியே முந்தானைக்குக் கொண்டுபோய் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவளும் வாராவாரம் கடைசிவரை பார்த்தவள் இல்லையா.

"பாவம்டி. அந்தப் பொம்பளைக்குப் புள்ளை குட்டி இருக்கா?"

"இல்லம்மா."

"அடி ஆத்தீ" என்று பாண்டீஸ்வரி தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் குரல் எழுந்த எழுச்சியில் மகள் குரல் அமுங்கிப்போனது.

"வாய்க்கரிசி போட வாரிசு இல்லையின்னா
நாச்சியாபுரத்துல நாங்க இல்லையா வெல்லாத்தா
கடலு தாண்டிக் கண்ணு மூடிப் போனவளே
நீ கண்ணால பாக்காத சனம் கூடி அழுகுறோமே..."

போன் எல்லாவற்றையும் பிடித்துவிட்டது.

விக்கி அதை அன்று மாலையே சேனலில் ஏற்றினான். பல் டாக்டர் கதிரவன் அழுதுகொண்டே வரிக்கு வரி இங்கிலீஷ் எழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதோடு விட்டார்களா என்றால் இல்லை. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, அழகு பரோட்டாக் கடைக்குப் பக்கத்தில், விக்கி பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்றைக் கட்டினான். மேலே கண்ணீர் அஞ்சலி. இரண்டு பக்கமும் புறா. நடுவில் லில்லிப் பூவோடு லுவெல்லா. 'ஓஹையோ ஈன்ற ஒளிவிளக்கு, நாச்சியாபுரத்தின் பாட்டுக்குயில், அன்னை லுவெல்லா பிரைஸ் அவர்களின் மறைவால் வாடும்' என்று எழுதி, கீழே வாடுகிறவர்களின் படங்கள்: காளீஸ்வரி, விக்கி, பல் டாக்டர், ஃப்ளெக்ஸ் கட்டக் கம்பு கொடுத்த காரணத்தால் இடம்பிடித்த, கூலிங்கிளாஸ் போட்ட பரோட்டாக்கடை அழகு.

மறுநாள் காலை காளீஸ்வரி வேலைக்குப் போனபோது கண் இரண்டும் வீங்கியிருந்தது. முதலாளி சாலா ஆச்சி முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அமெரிக்காவில் இருக்கும் மகன் லட்சுமணனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். காளீஸ்வரியைக் கண்டதும் விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டார்.

"இங்குட்டு வா. லெட்சுமணன் என்னமோ சொல்றான். நீ யாரையோ உசுரோட கொன்னுட்டியாமே?"

"ஆச்சி, என்ன சொல்றீக?"

போனுக்குள்ளிருந்து லட்சுமணன் சிரிக்க முடியாமல் சிரித்தான். "காளி, உன் வீடியோ எங்க ஆபீஸ் வரைக்கும் வந்திருச்சு. அந்தம்மா சாகல. அது புதுப் பாட்டு ஆல்பத்தோட அட்டைப் படம். குரல் திரும்பி வந்து பாடியிருக்காக. சந்தோசத்துல அழுதிருக்கான் அம்புட்டுப் பேரும்."

முதலில் காளீஸ்வரிக்கு வந்தது சந்தோஷம். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்குப் பத்தாம் வகுப்பு பாஸானபோதும் வந்ததில்லை. முற்றத்துத் தூண் ஒன்றைக் கட்டிப் பிடித்துச் சுற்றினாள். அடுத்த தூணுக்குப் போனாள். பிரெஞ்சுப் பெரியவர் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்தார், அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "உசுரோட இருக்காக" என்று தமிழிலேயே சொன்னாள். "புது ஆல்பம் ஆச்சி. பாடுறாக ஆச்சி. தொண்ட சரியாப் போச்சு ஆச்சி."

"அதெல்லாம் சரி. நீ ஒப்பாரி வச்சிருக்கியே."

அப்போதுதான் இரண்டாவதாகப் பயம் வந்தது. பெரியவர் கையை விட்டுவிட்டுத் தன் போனைத் திறந்தாள்.

வீடியோவை ஒரே ராத்திரியில் லட்சக்கணக்கான பேர் பார்த்திருந்தார்கள். கீழே ஒரு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பாதிப் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மீதிப் பேர் உயிரோடிருக்கும் மனுஷியைக் கேலி செய்கிறீர்களே, வெட்கமாக இல்லையா என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, தனிச் செய்தியாக, ஹார்லன் என்று ஒருவர் எழுதியிருந்தார். லுவெல்லாவின் மேனேஜர். அந்தப் பேரை எத்தனையோ ஆல்பத்தின் பின்னட்டையில் காளீஸ்வரி பார்த்திருக்கிறாள். வீடியோவை உடனே எடுத்துவிட வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: மிஸ் பிரைஸ் அதை முழுவதும் பார்த்தார். அதன் பிறகு யாரோடும் பேசவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

காளீஸ்வரி அதைப் படித்துவிட்டு மறுபடியும் மேஜைக்குக் கீழே போய் உட்கார்ந்தாள். ஊர் சிரிக்கட்டும். சேனல் போனால் போகட்டும். தன் குரலை லுவெல்லா முதன்முதலாகக் கேட்டது அந்த ஒப்பாரியில்தானா? கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்ன நினைப்பாள்? இத்தனை வருஷம் கழித்துக் குரல் திரும்பி, பாட வந்த நேரத்தில், இந்தியாவில் எவளோ ஒருத்தி தரையில் உட்கார்ந்து எனக்குப் பாடை கட்டினாள் என்றுதானே. அந்த நினைப்போடுதான் லுவெல்லா இனிமேல் எல்லாப் பாட்டையும் பாடுவாளா?

வீடியோவை எடுத்தாள். விக்கியைக் கூப்பிட்டு ஃப்ளெக்ஸையும் அவிழ்க்கச் சொன்னாள்.

"அவிழ்த்தாச்சு" என்றான் விக்கி. "அழகண்ணன் வாங்கிக்கிட்டாரு. அடுப்புக்கு மேல வெயிலு விழுகுதாம்."

"தலைகீழாக் கட்டிறாதடா. லுவெல்லா மொகம் இருக்கு."

"லுவெல்லா மொகம் புகையில கறுக்காம, உன் மொகத்தை அடுப்புப் பக்கமும் அவுக மொகத்தை ரோட்டுப் பக்கமும் வச்சிருக்கேன். போதுமா?"

வீட்டுக்குப் போனால் அங்கே அம்மா.

"உசுரோட இருக்கிற பொம்பளைக்கு என்னையும் சேத்து அழ வச்சிட்டியேடி. நெஞ்சு வலிக்க வலிக்கப் பாடுனேன். எங்கண்ணனுக்குக்கூட நான் அப்படிப் பாடல."

"மாமாதான் சாகலயேம்மா."

"அதத்தான்டி சொல்றேன். சாகாதவனுக்கே அழுதவ நான்."

காளீஸ்வரி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது நடந்தது அது. சோணை மாமா ரோட்டில் போய்க்கொண்டிருக்கையில் ஒரு காக்கா வந்து அவர் உச்சந்தலையில் தட்டிவிட்டுப் போயிற்று. காக்கா தலையில் தட்டினால் சாவுக்கு அறிகுறி. அதற்குப் பரிகாரம், ஆள் செத்துவிட்டதாகச் சொந்தக்காரர்களுக்குப் பொய்யாகத் தகவல் அனுப்புவது. கேட்டவர்கள் உண்மையாக அழ வேண்டும். அழுதுவிட்டால் தீர்ந்தது. எமன் வந்து பார்ப்பான், ஓகோ, இந்த வீட்டில் அழுது முடித்துவிட்டார்கள், நம்ம வேலை முடிந்தது என்று திரும்பிப் போய்விடுவான். பாண்டீஸ்வரிக்குப் போன் வந்தது, அண்ணன் போய்விட்டான் என்று. வேன் பிடித்து, மாலை வாங்கி, வேனிலேயே பாதி ஒப்பாரியை முடித்து, மாமா வீட்டில் போய் இறங்கினால், மாமா பனியனோடு உட்கார்ந்து ஆம்லேட் தின்றுகொண்டிருந்தார். பாண்டீஸ்வரி கையில் இருந்த மாலையாலேயே அவரைத் துரத்தித் துரத்தி அடித்தாள். அப்புறம் மாமா அழுதவர்கள் அத்தனை பேருக்கும் கறிச்சோறு போட்டார். அழ வைத்தவன் சோறு போட்டால்தான் முறை முடியும். மாமா இன்றைக்கும் சைக்கிளில் டபுள்ஸ் போகிறார்.

"அம்மா, சும்மா சும்மா அழுதாலும் ஆயுசு கூடுமா?"

"மனசாற அழுதா கூடும். நாம என்ன சும்மாவா அழுதோம்?"

காளீஸ்வரி ஒரு செருப்போடே உள்ளே ஓடிப் போனை நிறுத்தினாள். லுவெல்லாவிடம் கற்ற இங்கிலீஷை லுவெல்லாவுக்கே திருப்பிக் கொடுத்தாள். அலங்காரம் ஒன்றும் இல்லை. மன்னிப்புக் கேட்டாள். எங்கள் ஊரில் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அர்த்தம் ஒன்றுதான், அதனால் முட்டாள்தனம் செய்துவிட்டேன் என்றாள். அப்புறம் மாமா கதை, காக்கா கதை, எமன் கதை, ஆம்லேட் கதை. கடைசியில் சொன்னாள்: "உங்களைச் சாகடிக்க அழவில்லை. நாங்கள் ஏழெட்டுப் பேர் மனசாற அழுதிருக்கிறோம். எங்கள் கணக்குப்படி நீங்கள் இனி ரொம்பக் காலம் இருப்பீர்கள். நீங்கள் என்மேல் கோபமாக இருந்தாலும் பரவாயில்லை. இருங்கள், போதும்." அதைச் சேனலில் போடவில்லை. ஹார்லனுக்கு மட்டும் அனுப்பினாள்.

அன்றைக்குப் பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. காளீஸ்வரி சாப்பிடுவதும் சுவிட்ச் விளக்குவதுமாக இருந்தாள், ஆனால் ஃபேன் கேட்டவருக்கு லைட்டைப் போட்டாள். அதற்கடுத்த நாள் காலையில் ஹார்லனிடமிருந்து ஒரே வரி வந்தது: மிஸ் பிரைஸ் உங்களோடு நேரடியாகப் பேச விரும்புகிறார், வீடியோவில், இன்னும் இரண்டு மணி நேரத்தில் முடியுமா?

காளீஸ்வரி மறுபடியும் மேஜைக்குக் கீழே போகப் பார்த்தாள். சாலா ஆச்சி விடவில்லை. "முற்றத்துல ஒக்காரு, வெளிச்சம் நல்லா விழுகும்" என்றார். பாண்டீஸ்வரியைக் கூட்டிவர டிரைவரை அனுப்பினார். தானும் உள்ளே போய்ப் பட்டுச்சேலை மாற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் நாற்காலி போட்டார். "சும்மா, ஓரமா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நடுவில் உட்கார்ந்தார். பாண்டீஸ்வரி வயல் சேலையோடும் சேற்றுக் காலோடும் காரிலிருந்து இறங்கி வந்து சேர்ந்ததும் போன் அடித்தது.

திரையில் தலைநிறைய முடி சுருட்டும் கிளிப்போடு ஒரு வயதான பெண். மேக்கப் கிடையாது. காளீஸ்வரிக்கு ஒரு நொடி யாரென்றே தெரியவில்லை. அப்புறம் அந்தப் பெண் சிரித்தாள், தெரிந்துவிட்டது.

"அந்த அம்மா எங்கே?" என்றாள் லுவெல்லா. "எனக்குப் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டாரே, அவர்?"

காளீஸ்வரி தமிழில் சொன்னதும் பாண்டீஸ்வரி திரைக்கு முன்னால் கும்பிட்டாள். "தாயி, தெரியாம அழுதுட்டோம். மனசுல வச்சுக்கிறாதீக."

காளீஸ்வரி அதை இங்கிலீஷில் சொன்னாள். லுவெல்லா மறுத்துக் கையை ஆட்டினாள். தான் செத்தால் பேப்பரில் என்ன எழுதுவார்கள் என்று அவளுக்கு எப்போதோ தெரியும் என்றாள். 'வாஷிங் மிஷின் பாட்டுப் பாடிய நடிகை மரணம்', அவ்வளவுதான், ஒரே வரி. "சர்ச்சிலிருந்து என்னைத் துரத்தியதை நான் ஒரே ஒரு பேட்டியில், அதுவும் முப்பது வருஷத்துக்கு முன்னால் சொன்னேன். அதை வைத்துக்கொண்டு நீங்கள் தரையில் உட்கார்ந்து அழுதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு நானும் உட்கார்ந்து அழுதேன். ஹார்லன் பயந்துவிட்டார். நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். எனக்கு எனக்காகவே அழத் தெரியாது, பெண்ணே. நீங்கள்தான் ஆரம்பித்து வைத்தீர்கள்."

காளீஸ்வரி மொழிபெயர்க்க மறந்துபோய் உட்கார்ந்திருந்தாள். சாலா ஆச்சிதான் முழங்கையால் இடித்தார்.

"ஒரே ஒரு தப்பு" என்றாள் லுவெல்லா. "அவார்டு விழாவில் நான் கொறித்தது வேர்க்கடலை இல்லை. பிஸ்தா."

"பிஸ்தாவா?" காளீஸ்வரிக்கு இதுதான் தாங்க முடியவில்லை. மூன்று எபிசோடில் கடலை என்று சொல்லியிருக்கிறாள்.

"ஓடு உடைக்கும் சத்தத்தில் பக்கத்து ஸீட்காரர் முறைத்தார். ஆனால் கடலையே இருக்கட்டும். பாட்டுக்கு அதுதான் நன்றாக இருக்கிறது." அப்புறம் தலையைக் குனிந்து, கிளிப்புகளை விலக்கி, உச்சியில் ஒட்டியிருந்த சின்ன பிளாஸ்டரைக் காட்டினாள். "இன்னொரு விஷயம். காக்கா இல்லை. ஆனால் அந்தப் படம் வெளியாவதற்கு முதல் நாள் கடற்கரையில் நின்று மீன் வறுவல் தின்றுகொண்டிருந்தேன். ஒரு கடல்பறவை வந்து தலையில் ஓங்கித் தட்டிவிட்டு மீனைப் பிடுங்கிக்கொண்டு போனது. வெள்ளைப் பறவை. அது கணக்கில் வருமா?"

காளீஸ்வரி தமிழில் சொன்னாள். பாண்டீஸ்வரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அவுக ஊர்ல காக்கா வெள்ளையாத்தான இருக்கும்" என்றாள்.

சாலா ஆச்சியும் தலையை ஆட்டினார். "தலையில தட்டுச்சா இல்லையா, அதான் விசயம். கலர்ல என்ன இருக்கு."

தீர்ப்பைக் காளீஸ்வரி சொன்னதும் லுவெல்லா கையைத் தட்டிச் சிரித்தாள். சிரிக்கும்போது அவள் குரல் வாஷிங் மிஷின் மேலே குலுங்கிய அதே குரலாக இருந்தது. "அப்படியானால் நீங்கள் சரியான நேரத்துக்குத்தான் அழுதிருக்கிறீர்கள். சரி, உங்கள் மாமா கறிச்சோறு போட்டாரே. நான் என்ன போட வேண்டும்?"

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம்" என்று காளீஸ்வரி இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாண்டீஸ்வரி குறுக்கே புகுந்தாள். "என்ன கேக்குறாக? சோறா? போடச் சொல்லு. போட்டாத்தான் முறை முடியும். இல்லாட்டி அம்புட்டு அழுகையும் வீணாப் போயிரும்."

மறுநாள் சாயங்காலம் ஹார்லன், அமெரிக்காவில் சூரியன் உதிக்கும் முன்னால் எழுந்து, நாச்சியாபுரம் பஸ் ஸ்டாப் பரோட்டாக்கடை அழகுக்குப் போன் போட்டார். விக்கி பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தான்.

"யாருடா இது?" என்றார் அழகு, மாவை வீசிக்கொண்டே.

"லுவெல்லா மேனேஜரு. அழுத எல்லாருக்கும் பரோட்டா போடச் சொல்றாரு."

"கோழிச் சால்னாவா, ஆட்டுச் சால்னாவான்னு கேளு."

விக்கி கேட்டான். அந்தப் பக்கம் ஹார்லன் ரொம்ப நேரம் யோசித்தார். பெரிய பெரிய ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்ட மனிதர். கடைசியில், வழக்கம் எது என்று மரியாதையாகக் கேட்டார்.

"வழக்கம் ரெண்டும்" என்றார் அழகு.

அழுதது ஏழெட்டுப் பேர்தான். ஆனால் சோறு என்றதும் ஷேர் ஆட்டோவில் தண்ணீர் பாட்டில் கொடுத்தவர் வந்தார், நானும்தான் உச்சுக் கொட்டினேன் என்று. திருப்பத்தூரிலிருந்து பல் டாக்டர் வந்து, பரோட்டாவைப் பிய்த்தபடியே எல்லார் பல்லையும் ஓசியில் பார்த்தார். சாலா ஆச்சி வீட்டுக்கு வாங்கிப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே இரண்டு சாப்பிட்டார். சோணை மாமா சைக்கிளில் டபுள்ஸ் வந்து, தன் அனுபவத்தால்தான் இந்தம்மா பிழைத்தாள் என்று மேசைக்கு மேசை போய்ச் சொன்னார்.

காளீஸ்வரி போனை உப்பு டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள். உள்ளே லுவெல்லா, இரவு உடையோடு, காப்பிக் கோப்பையோடு. முறைப்படி அழுதவர்கள் சாப்பிடுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

"உன் தலைக்கு மேலே அது யார்?" என்றாள் லுவெல்லா.

காளீஸ்வரி நிமிர்ந்தாள். அடுப்புக்கு மேலே கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் லுவெல்லாவின் லில்லிப் பூவெல்லாம் புகையேறி வெளிர்மஞ்சளாகியிருந்தது. விக்கி சொன்னபடி காளீஸ்வரியின் முகம்தான் கரி பிடித்துப்போயிருந்தது. கூலிங்கிளாஸ் அழகு மட்டும் பளபளவென்று இருந்தார்.

"அது நீங்கதான்" என்றாள் காளீஸ்வரி, தமிழில். பிறகு நினைவு வந்து இங்கிலீஷில் சொல்ல வாயெடுத்தாள். லுவெல்லாவுக்கு அது தேவைப்படவில்லை. தன் படத்தையே உற்றுப் பார்த்து, முகவாயைத் தடவிக்கொண்டு, அந்தப் படம் எடுத்த அன்றைக்குத் தனக்கு எவ்வளவு பசி என்று சொல்ல ஆரம்பித்தாள்.

"அவுக சாப்பிட்டாகளான்னு கேளுடி மொதல்ல" என்றாள் பாண்டீஸ்வரி, மகள் இலையில் இன்னொரு பரோட்டாவைப் போட்டபடி. "வெறுங்காப்பியா இருக்கு கையில."